வீட்டுச் சாமானுக்கு விலை எழுதுதல்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, பாலிகஞ்சிலிருந்து வரும் அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மாமனார் காலமாகி ஓராண்டு நிறையப் போகிறது. மைத்துனர்கள் மூவரும் மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டிலுள்ள கட்டில், பீரோ, மேஜை, நாற்காலிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். "இதற்கென்று மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டுமா? தெருக்கோடித் தச்சரைக் கேட்டால் போதாதா?" என்பது அவருடைய ஐயம். நின்றபடியே விடை சொல்லி அனுப்பக்கூடிய கேள்வியாக அஃது எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இம்மாதத்துப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வக்கீல் அல்லன், கணக்காயரும் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் பார்ஸல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஆயினும் இவ்விஷயத்தில் ஒரு தடவை தவறு செய்யவிருந்து, கடைசி நேரத்தில் தப்பியவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் பெரியப்பா 1958ல் கல்கத்தாவுக்கு வந்தவர். ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதி, ஏரி மார்க்கெட்டுக்கு அருகில் வாடகை வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஆயுள் முழுவதையும் கழித்தார். அந்நாளில் ரஸ்ஸல் தெரு ஏல விற்பனைக்குப் பேர்போனது. ஊரை விட்டுப் புறப்பட்ட ஆங்கிலேயர்களின் வீட்டுச் சாமான்கள் அங்கே ஏலத்துக்கு வரும். பெரியப்பாவுக்கு அந்த ஏலங்களைப் பார்ப்பதில் தனிப் பிரியம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அங்கே வாங்கிய மஹாகனி எழுது மேஜை ஒன்றும், கண்ணாடி பதித்த தேக்கு பீரோ ஒன்றும், பிரம்பு பின்னிய நாற்காலிகள் ஆறும் அவர் வீட்டில் இருந்தன. இவற்றோடு, 1931ல் பாட்டியின் கலியாணத்தில் சீராக வந்த ஈட்டி மரத்து ஊஞ்சலும் இருந்தது. அதை ஊரிலிருந்து வரவழைத்து முன்னறையில் பித்தளைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்.

2021 பிப்ரவரியில் அவர் காலமானார். பாங்கில் இருந்த வைப்புத் தொகையையும் வீட்டுச் சாமான்களையும் மூன்று சம பங்காகப் பிரித்து, சென்னையிலுள்ள மூத்த மகள், நாகபுரியிலுள்ள இளைய மகள், காலஞ்சென்ற மகனின் மனைவி ஆகிய மூவருக்கும் தரவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். கடைசி ஆறு ஆண்டுகள் அவருக்கு மருந்து கொடுத்து, சோறு ஊட்டி, உடனிருந்தவர் அந்த மருமகள்தான். நான் அண்ணி என்று அழைப்பவர். உயிலை நிறைவேற்றும் பொறுப்பைப் பெரியப்பா என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்கத்தாவில் எழுதப்பட்ட ஹிந்துக்களின் உயிலுக்கு அப்போது ஹைகோர்ட்டில் ப்ரோபேட் பெற வேண்டியிருந்தது; பாங்கும் அதையே கேட்டது. அந்த மனுவோடு சொத்தின் மதிப்பைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் வாசகம் 1870ஆம் ஆண்டுக் கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருக்கிறது. அதில் முதல் இனமே கையிலும் பாங்கிலும் உள்ள ரொக்கம், வீட்டுச் சாமான்கள், உடைகள், புத்தகங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், நகைகள் ஆகியவைதாம். பிரமாணம் செய்பவர் தம் நம்பிக்கைக்கு எட்டியவரையில் உத்தேச மதிப்பை எழுத வேண்டும் என்று அங்கே கண்டிருக்கிறது. "நம்பிக்கைக்கு எட்டியவரையில்" என்ற சொற்களைப் படித்ததும், ஏதோ ஒரு தொகையைப் போட்டால் போதும் என்று எண்ணிவிட்டேன். பழைய சாமான் வியாபாரி ஒருவரை வரவழைத்தேன். அவர் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்துப் பதினையாயிரம் பெறும், இன்றைக்கே வண்டி கொண்டுவருகிறேன்" என்றார். அந்த 15,000 ரூபாயையே பாரத்தில் எழுதிவிட்டு, அக்காவுக்கும் டெலிபோனில் தெரிவித்தேன்.

அக்காவுக்கு வந்த கோபத்தை எழுத்தில் வடிப்பது கடினம். "அந்த மேஜை மட்டும் இரண்டு லட்சம் பெறும் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! நீ கேட்டதில்லையா?" என்றார். அதன் பின் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "புத்தக அலமாரியை எங்கே காணோம்?" என்றார். நான் அனுப்பிய பட்டியலில் அஃது இல்லை, வீட்டிலும் இல்லை. 2020 மே 20ஆம் தேதி அம்பான் புயல் அடித்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அலமாரியின் கீழ்த்தட்டு இற்று, பிறகு கரையானும் ஏறியதால் அதை வெளியே போட வேண்டி வந்தது என்று அண்ணி சொன்னார். நோய்த்தொற்றுக் காலமானபடியால் அக்கா ஊருக்கு வந்து ஈராண்டு ஆகியிருந்தது. தண்ணீர் வந்ததை அவர் பார்க்கவில்லை. "நல்ல சாமானையெல்லாம் விற்றுவிட்டு மிச்சத்தைக் கணக்குக் காட்டுகிறார்களா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்திலேயே நின்றிருந்த அண்ணியின் காதிலும் அது விழுந்தது. "தம்பி, நான் எதையும் விற்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்துக்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் வக்கீலிடம் போனேன். அவர் என் பாரத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். வாங்க வந்தவர் சொன்ன விலையை மதிப்பென்று பிரமாணம் செய்யலாமா என்று கேட்டார். குறைத்து எழுதினால் பின்னால் கட்டணக் குறைவைச் செலுத்தச் சொல்லக்கூடும். தெரிந்தே பொய்யாக எழுதினால் அது குற்றம். கூட்டி எழுதினாலோ வீணாக அதிகக் கட்டணம் கட்ட நேரும். அதோடு வேலை தீர்ந்துவிடுவதுமில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, ப்ரோபேட் கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்துகளின் முழு ஜாபிதாவையும், 1 ஆண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நிறைவேற்றுபவர் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். "நாளைக்கு உங்கள் அக்கா கேட்டால் வியாபாரியைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்களா?" என்றார் வக்கீல். அவர் மூலமாகவே மதிப்பீட்டாளர் ஒருவர் கிடைத்தார்.

இங்கே வாசகர்கள் அறியவேண்டிய ஒரு விஷயம் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கு மூன்றே வகுப்புகள்: நிலமும் கட்டடமும், இயந்திரங்களும் தளவாடங்களும், பங்குகளும் நிதிச் சொத்துகளும். முன்னிருந்த செல்வ வரிச் சட்டத்தில் கலைப்பொருள், நகை இவற்றுக்குத் தனித்தனி வகுப்புகள் இருந்தன. வீட்டு மேஜை நாற்காலிக்கென்று தனி வகுப்பு எதிலும் இல்லை. ஆகையால் "பதிவுபெற்றவர்" என்ற பலகையை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. ஏல நிலையத்தில் பல ஆண்டு பொருள்களுக்குப் பட்டியல் எழுதியவர், பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவதில் தேர்ந்தவர், இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து மரச்சாமான் இழப்புகளைக் கணித்தவர் ஆகியோர்தாம் நமக்கு உதவக்கூடியவர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் முதல் வகையினர். எழுபது வயதைக் கடந்த வங்காளி. ஒரு நாள் வேலைக்கு 6,000 ரூபாய் என்று முன்கூட்டியே சொன்னார். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுபவரையும், மதிப்பிட்டுவிட்டுத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்பவரையும் நான் கிட்டே சேர்க்கமாட்டேன். முன்னவருக்கு விலையை ஏற்றுவதிலும் பின்னவருக்கு இறக்குவதிலும் ஆதாயம் இருக்கிறது. தச்சரைப் பற்றிக் கேட்ட அம்மையாருக்கும் இதுவே விடையின் ஒரு பகுதி. மரத்தையும் மூட்டையும் பற்றித் தச்சர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். சந்தை விலை அவர் தொழிலன்று. கோர்ட்டில் நிற்கக்கூடிய அறிக்கையும் அவரிடம் எதிர்பார்க்க இயலாது.

பெரியவர் உள்ளே வந்து உட்காருமுன்பே இரண்டு கேள்விகள் கேட்டார். எந்தக் காரியத்துக்கு மதிப்பு? எந்தத் தேதிய விலை? சாமானையே பார்க்காமல் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவர் விளக்கினார். ஒரே நாற்காலிக்கு ஒரே நாளில் மூன்று விலைகள் உண்டு. அதே தரத்தில் புதிதாகச் செய்து வாங்க எவ்வளவு ஆகும் என்பது ஒன்று. இன்ஷூரன்ஸில் அது பயன்படலாம். விற்கவும் வாங்கவும் அவசரமில்லாத இருவர், விவரமறிந்து ஒத்துக்கொள்ளும் விலை மற்றொன்று. பங்கு பிரிப்பதற்கும் கோர்ட்டுக்கும் பொருந்துவது அதுவே. நாளைக்கே வீட்டைக் காலி செய்யவேண்டியவன் ஏலத்தில் பெறும் விலை மூன்றாவது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் குடும்பங்களில் பாதிச் சண்டைகள் மூளுகின்றன என்றார். எங்கள் வீட்டிலோ அக்காவின் மனத்தில் முதல் விலையும், வியாபாரியின் வாயில் மூன்றாவது விலையும் இருந்தன. இரண்டாவதை யாருமே கேட்கவில்லை.

அதன்பின் அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே ஒரு பாடம். மேஜையின் மேற்பரப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இழுப்பறையை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். மூலையில் விரல்களைக் கோத்ததுபோல் பொருந்தியிருந்த மூட்டுகள் சற்றே ஏறுமாறாக இருந்தன. அது கையால் அறுத்த வேலைக்கு அடையாளம். அதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கீழே படுத்து டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தபோது, மேற்பலகையை உடலோடு பிணைத்திருந்த திருகாணிகளின் தலையில் நட்சத்திர வெட்டு இருப்பதைக் காட்டினார். அவ்வளவு பழைய மேஜைக்கு அந்தத் திருகாணி பொருந்தாது. மேற்பலகை பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அதுவும் ப்ளைவுட்டின்மேல் மெல்லிய மஹாகனித் தகடு ஒட்டியது. அரக்குப் பாலிஷைச் சுரண்டிவிட்டு யாரோ புதுப் பூச்சு அடித்திருந்தார்கள். பளபளப்பு நமக்கு அழகாகத் தோன்றும். பழம்பொருள் வாங்குபவருக்கோ அது குறை. பெரியப்பாவின் இரண்டு லட்ச ரூபாய் மேஜை அந்த நிமிஷத்தில் 22,000 ரூபாய் ஆயிற்று.

ஊஞ்சலுக்கு வந்தபோது பெரியவர் முகம் மாறியது. ஒட்டுப்போடாத ஒற்றைப் பலகை. இரண்டங்குலத்துக்கும் அதிகமான கனம். அடிப்புறத்தில் வாய்ச்சியின் தடம்கூட அழியாமல் இருந்தது. பூச்சித் துளைகள் நாலைந்து இருந்தன. அவற்றில் புதிய மாவு உதிர்கிறதா என்று கருப்புக் காகிதத்தைக் கீழே விரித்துத் தட்டிப் பார்த்தார், உதிரவில்லை. 34,000 என்று குறித்துக்கொண்டார்.

அவர் எழுதிய பட்டியலை அப்படியே தருகிறேன். ஊஞ்சல் 34,000, மேஜை 22,000, பீரோ 18,000, ஆறு நாற்காலிகள் தலைக்கு 1,500 வீதம் 9,000, கிராமபோன் பெட்டி 7,000, இரும்புக் கட்டில் 2,500. ஆகப் பதினொரு உருப்படிகளுக்கு 92,500 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் நீள அகல உயரம், மரத்தின் பெயர், பழுதுகள், புகைப்படம் ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தன. எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதிக்கு, எந்த வகை விலை என்பது முதற்பக்கத்திலேயே இருந்தது. புத்தக அலமாரியைப் பற்றி நான் கேட்டேன். கண்ணால் காணாத பொருளுக்கு விலை எழுதும் வழக்கம் தமக்கில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனால் பழுதுகள் என்ற தலைப்பில் அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். மேஜைக் கால்களின் உட்புறத்திலும், பீரோவின் பின்பலகையிலும், தரையிலிருந்து 7 அங்குல உயரத்தில் ஒரே மட்டமாகத் தண்ணீர் தேங்கி நின்ற கறை காணப்படுகிறது. வடக்குச் சுவரிலும் அதே உயரத்தில் கறை உண்டு. அச்சுவரில் சுமார் நான்கடி அகலத்துக்கு மரச்சாமான் ஒன்று நெடுநாள் நின்ற தடமும் இருக்கிறது என்பதே அக்குறிப்பு. விலையைக் குறைத்ததற்குக் காரணம் காட்ட அவர் எழுதியது அது. எங்கள் குடும்பச் சச்சரவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை. அறிக்கையின் நகல்களை அக்காவுக்கும் தங்கைக்கும் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் அக்கா டெலிபோன் செய்தார், எனக்கன்று, அண்ணிக்கு. என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணி அன்று மாலை ஊஞ்சலின் சங்கிலிகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

இனி வரியைப் பற்றிச் சில சொற்கள். இவ்விஷயத்தில் நம்மவர்க்குள்ள அச்சத்தில் பெரும்பகுதி பழங்கதை. இறந்தவர் சொத்தின்மீது 1953ல் விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1985ல் எடுக்கப்பட்டுவிட்டது. 1957ல் வந்த செல்வ வரி 2016-17ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் இல்லை. அஃது இருந்த காலத்திலும் சொந்த உபயோகத்து மரச்சாமான்களுக்கு விலக்கு இருந்தது. வீட்டில் நாம் புழங்கிய மேஜை நாற்காலியை விற்றால், அது சொந்த உபயோகத்துக்குரிய அசையும் பொருளாகையால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் ஆகியவற்றுக்கு இச்சலுகை பொருந்தாது. அவை 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பே குடும்பத்துக்கு வந்தவையானால், அத்தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். அங்கேதான் மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டியிருக்கும். நுணுக்கமாகச் செதுக்கிய ஊஞ்சல் ஒன்று உட்காரும் பலகையா, கலைப்பொருளா என்று அதிகாரி ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? அதற்குக் கணக்காயரிடம் போக வேண்டியதுதான். அமெரிக்காவிலுள்ள பேரனுக்கு அனுப்ப நினைப்பவர்கள் வேறொன்றையும் நினைவிற்கொள்க. நூறாண்டைக் கடந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகக்கூடும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை உண்டு.

மெஸ், டியூஷன் வகுப்பு, கிளினிக் நடத்தும் அன்பர்களுக்குக் கணக்கு வேறு. வருமான வரி விதிப்படி மரச்சாமானுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம்; ஒவ்வோராண்டும் மிஞ்சிய தொகையின்மீது கழிக்க வேண்டும். 40,000 ரூபாய்க்கு வாங்கிய பெஞ்சுகளும் மேஜைகளும் முதலாண்டு முடிவில் 36,000, அடுத்து 32,400, மூன்றாம் ஆண்டு முடிவில் 29,160. இது புத்தக மதிப்பு. கடையை விற்கும்போது வாங்குபவர் 12,000 கூடத் தராமல் போகலாம். புத்தக மதிப்பைக் காட்டி அவரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

இன்ஷூரன்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. 2 லட்சம் பெறும் சாமானை 1 லட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்து, தீயில் 50,000 ரூபாய் நஷ்டம் ஏற்பட்டால், குறைக் காப்புக் கழிவுள்ள பாலிசியில் 25,000 மட்டுமே கைக்கு வரும். 2021 ஏப்ரல் முதல் உள்ள "பாரத் கிரிஹ ரக்ஷா" என்ற வீட்டுப் பாலிசியில் அக்கழிவு இல்லை. மற்றவற்றில் ஷரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

என் தொழிலுக்குரிய ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மேஜைக்கே துரோகம் செய்தவனாவேன். மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ ஊருக்குப் போகிறவர்கள் கட்டில் பீரோவை ரயிலில் பார்ஸல் போடுகிறார்கள். பாரத்தில் மதிப்பு என்ற இடத்தைப் பெரும்பாலோர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மதிப்பை அறிவித்து, அதற்குரிய அதிகப்படிச் சதவீதக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால், பார்ஸலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாயோடு நின்றுவிடும். பொருள் உடைந்து போய்ச் சேர்ந்த பிறகு, "லட்ச ரூபாய்ச் சாமான் ஐயா!" என்று கண்ணீரோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து என் மனம் புண்ணாகியிருக்கிறது. கட்டுமானம் சரியில்லை என்று பாரத்தில் குறிப்பு ஏறியிருந்தால் வழக்கு இன்னும் இளைத்துவிடும். நஷ்டஈட்டு நோட்டீஸை, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுத்தாக வேண்டும்.

ஊஞ்சலை அக்கா எடுத்துக்கொண்டார். மேஜையும் நாற்காலிகளும் அண்ணிக்கு. பீரோவும் கிராமபோன் பெட்டியும் கட்டிலும் தங்கைக்கு. ஒரு பங்கு 30,833 ரூபாய். அக்கா 3,167 ரூபாயும் அண்ணி 167 ரூபாயும் தங்கைக்கு ஈடு செய்ய வேண்டியிருந்தது. அண்ணியிடமிருந்து 167 ரூபாயை வாங்கிக்கொள்ளத் தங்கை கண்டிப்பாக மறுத்துவிட்டாள். நான் கணக்கில் அதையும் வரவு வைத்து, "விட்டுக்கொடுத்தது" என்று எதிரே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.

ஊஞ்சல் பலகையும் சங்கிலியும் சேர்ந்து 70 கிலோ. மதிப்பு அறிவிக்காவிட்டால் அதன் விலை 3,500 ரூபாய். வைக்கோலும் சாக்கும் சுற்றிச் சட்டம் அடித்து, 34,000 என்று பாரத்தில் எழுதி, பெரியவரின் அறிக்கை நகலையும் இணைத்து, ஹௌராவில் நானே பணம் கட்டி ரசீது வாங்கினேன். சென்னைக்கு நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தது. கொக்கி மாட்ட அக்கா வீட்டில் உத்தரம் இல்லாதபடியால் பலகை இன்னும் சுவரோரமாகச் சாய்த்தே வைக்கப்பட்டிருக்கிறது.

பாலிகஞ்சு அம்மையார் தம் மைத்துனர்களுக்கு எழுதுமுன், சாமான்கள் ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளட்டும். வேண்டுமானால் அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவரலாம். பெரியவரின் விலாசம் என்னிடம் இருக்கிறது.